உட்கார இடமில்லாத மெஷின்

தோலைக் கண்டால் டேனியலுக்குக் கை சும்மா இருக்காது.

பல் டாக்டரின் நாற்காலி, சொந்தக்காரர் வீட்டு சோபா, முன்னால் போகிறவர் தோளில் தொங்கும் பை, எதுவானாலும் சரி. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓரத்தை மடித்துப் பார்ப்பார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் குனிந்து முகர்ந்தும் பார்த்துவிடுவார்.

"அப்பா, மானம் போவுது!" என்று பெரியவள் கிறிஸ்டினா பல்லைக் கடிப்பாள்.

சின்னவள் ஜாஸ்மினுக்கு அதுதான் வேடிக்கை. "இன்னாப்பா, பாஸா ஃபெயிலா?" என்று காதோரம் கேட்பாள்.

"ரெக்சின்" என்று உதட்டைப் பிதுக்குவார் டேனியல்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பதப்படுத்திய தோல்கள் கட்டுக் கட்டாக அவர் மேஜைக்கு வரும். விரித்து, புரட்டி, தடவிப் பார்த்து, இந்தத் தோல் இதற்கு, அந்தத் தோல் அதற்கு என்று பிரித்து அடுக்குவார். 'செலக்‌ஷன் டேனியல்' என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்று அவர் தோலைத் தேர்ந்தெடுக்கப் போகவில்லை. மெஷின் வாங்கப் போனார், குடும்பத்தோடு.

மெஷின் கிறிஸ்டினாவுக்கு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள், பளு தூக்கும் போட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் பிடித்திருந்தாள். முதல் இடம் கைக்கு எட்டி நழுவிப் போயிருந்தது. கடைசி வாய்ப்பில் இரும்புக் கம்பி தரையை விட்டுக் கிளம்பியது. முழங்கால் வரை வந்தது. அப்படியே நின்றுவிட்டது. கிறிஸ்டினாவின் முகம் தக்காளியாகச் சிவந்தும் கம்பி அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"கை பலம் போதும். காலும் முதுகும் பத்தல" என்றார் அவளுடைய பயிற்சியாளர் சங்கீதா மேடம். "தரையிலேர்ந்து கிளம்பற பலம் வரணும். வாரக் கடைசியில மட்டும் வேலூருக்கு வந்து பயிற்சி எடுத்தா முடியாது. மத்த நாள்ல வீட்டுலயும் செய்யணும். அடுத்தது மாநிலப் போட்டி. அதுக்குள்ள அந்த முழங்காலைத் தாண்டிடு."

வீட்டில் இருந்ததோ ஒரு மாவாட்டும் கல்லும், ஒரு கேஸ் சிலிண்டரும்தான்.

அப்போதுதான் தொழிற்சாலை முதலாளி அஃப்ரோஸ் பாய், செய்தித்தாளில் கிறிஸ்டினாவின் படத்தைப் பார்த்துவிட்டு டேனியலைக் கூப்பிட்டார்.

"நம்ம கம்பெனி பொண்ணு பேப்பர்ல வந்திருக்குது. என் பரிசா வீட்டுல வெச்சுப் பயிற்சி பண்ற மெஷின் ஒண்ணு வாங்கிக்கோ. வேலூர்ல என் தோஸ்த் கடை இருக்குது. பிடிச்சதை எடு. ஆனா நல்லாப் பார்த்து எடு டேனியல். வீட்டுக்கு வந்த மெஷினை அவங்க திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"பார்த்து எடுக்கறதுதானே பாய் என் வேலையே!" என்றார் டேனியல், காலரைச் சரிசெய்துகொண்டு.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் நால்வரும் வேலூருக்கு பஸ் ஏறினார்கள்.

கடை முழுக்கக் கண்ணாடியும் குளிர்காற்றுமாக இருந்தது. விற்பனையாளர் சூரியபிரகாஷ் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். டீ-ஷர்ட் கிழியும் அளவுக்குப் புஜம்.

"வாங்க சார்! பாய் போன் பண்ணிச் சொன்னாரு. எல்லாமே ஸ்மார்ட் மெஷின். உள்ள இரும்புக் கல்லு எதுவும் இல்ல. மோட்டார்தான். நீங்க கயிறை இந்தப் பக்கம் இழுத்தா, மோட்டார் அந்தப் பக்கம் இழுக்கும். எவ்ளோ வெயிட்டுன்னு ஸ்க்ரீன்ல தொட்டா போதும்."

"கரண்ட் போய்ட்டா?" என்று கேட்டாள் அம்மா.

"வெயிட்டும் போய்டும் மேடம்."

"எங்க கம்பெனியில கரண்ட் போனாலும் டார்கெட் போவாது" என்று பெருமூச்சு விட்டாள் அம்மா. அவள் மாதனூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் இருப்பவள். மணிக்கு இத்தனை ஜோடி தைத்தாக வேண்டும் என்ற கணக்கு அவள் தூக்கத்திலும் ஓடும்.

கடையின் நடுவே அது நின்றது.

உயரமான முதுகு. இரண்டு பக்கமும் வளைந்த கைகள். எதிரே கதவளவு ஸ்க்ரீன். பழுப்பு நிறத்தில் தளதளவென்று ஒரு இருக்கை.

"ராஜா உட்கார்ற சிங்காசனம் மாதிரி இருக்குது!" என்றாள் ஜாஸ்மின்.

டேனியல் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. நேராக இருக்கைக்கு முன்னால் மண்டி போட்டார். கட்டை விரலால் அழுத்தினார். ஓரத்தை மடித்தார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

கிறிஸ்டினா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தோலு!" என்றார் டேனியல், கண்கள் பளபளக்க. "நெஜத் தோலு! தையலைப் பாரு, ஒரு இடத்துல விலகல. இந்தத் தோலை எடுத்தவன் யாரோ தெரியல, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்!"

"சார், இதோட மோட்டார் பத்தி..." என்று தொடங்கினார் சூரியபிரகாஷ்.

"சீட்டே இப்படி இருக்குதுன்னா மோட்டார் எப்படி இருக்கும்! நல்ல தோல் போடறவன் நல்ல மெஷின்தான் செய்வான்."

அம்மா இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். சூரியபிரகாஷ் குறைந்த எடையை வைத்துக் கொடுத்தார். கைப்பிடிகளை இழுத்ததும் ஸ்க்ரீனில் பெரிய எழுத்தில் 1 வந்தது. அப்புறம் 2.

எண்ணைப் பார்த்ததுதான் தாமதம், அம்மாவின் முகமே மாறியது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படபடவென்று இழுக்க ஆரம்பித்தாள். தையல் மெஷினை ஓட்டுகிற அதே வேகம்.

மெஷின் ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னது.

"இன்னா சொல்லுது?" என்றாள் அம்மா, நிறுத்தாமல்.

"மெதுவா செய்யச் சொல்லுதும்மா" என்றாள் ஜாஸ்மின்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. "மெதுவாவா? இத்தினி வருஷத்துல எந்த சூப்பர்வைசரும் என்னை அப்படிச் சொன்னதில்ல!" என்றவள் மெஷினை அன்போடு தட்டிக் கொடுத்தாள். "எனக்கும் இது பிடிச்சிருக்குதுங்க."

"கிறிஸ்டி, நீ உட்காரு" என்றார் டேனியல்.

கிறிஸ்டினா உட்கார்ந்தாள். இழுத்தாள். எழுந்தாள்.

"எப்படிம்மா இருக்குது?"

"பரவாயில்லப்பா" என்றாள் கிறிஸ்டினா. அவள் விரல் பின்னலின் நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் அதைக் கவனித்துவிட்டாள். கல்யாண வீட்டில் பிடிக்காத கேசரியை இலையில் வைத்தபோதும் அக்கா 'பரவாயில்ல' என்றுதான் சொன்னாள். பெரியம்மா வாங்கித் தந்த பச்சைச் சுடிதாருக்கும் அதேதான். அப்போதெல்லாம் பின்னலின் நுனி இப்படித்தான் விரலைச் சுற்றியது. அந்தச் சுடிதார் இன்னும் பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குள் டேனியல் போனை எடுத்துவிட்டார். "பாய்! எடுத்தாச்சு பாய்! சீட்டு இருக்குது பாருங்க, நம்ம மேஜைக்கு வந்திருந்தா முதல் அடுக்குல வெச்சிருப்பேன்! ஆமா பாய். பில்லு போடச் சொல்லிடறேன்."

*

சூரியபிரகாஷ் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனார். அம்மாவும் அப்பாவும் இருக்கையில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஜாஸ்மின் அக்காவைக் கண்ணாடிச் சுவர் ஓரமாக இழுத்துப் போனாள்.

"நெஜமா சொல்லு. பிடிக்கலைதானே?"

"பேஜார் பண்ணாத ஜாஸு."

"பின்னல் நுனியை விடு. அப்புறம் சொல்லு."

கிறிஸ்டினா பின்னலை விட்டாள். குரலைத் தாழ்த்தினாள். "அது நல்ல மெஷின்தான். உட்கார்ந்து இழுக்கலாம், தள்ளலாம். கைக்கு நல்லது. ஆனா அந்தக் கயிறு எவ்ளோ கீழ இறக்கினாலும் என் முழங்கால்கிட்ட வந்து நின்னுடுது. எனக்குத் தரையிலேர்ந்து கிளம்பற பலம்தானே வரணும்? இது முழங்கால்லேர்ந்துதான் ஆரம்பிக்குது."

"அப்போ அப்பாகிட்ட சொல்லேன்!"

"அப்பா முகத்தைப் பாரு. கிறிஸ்துமஸ் மாதிரி இருக்குது. பாய்கிட்டயும் சொல்லிட்டாரு. இப்போ போய் வேணாம்னா அவருக்கு எப்படி இருக்கும்? விடு. நான் எப்படியாச்சும் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு கிறிஸ்டினா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜாஸ்மின் சிங்காசனத்தைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு சிங்காசனம் நிற்கும். அக்கா தினமும் 'பரவாயில்ல' என்று சொல்லிக்கொண்டு அதில் உட்காருவாள். மாநிலப் போட்டியில் கம்பி மறுபடியும் முழங்காலில் நிற்கும்.

ஜாஸ்மின் சுற்றும்முற்றும் பார்த்தாள். கடையின் ஒரு மூலையில், தரையோடு தரையாக, ஒரு கறுப்புப் பலகை கிடந்தது. அதன்மேல் விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு. எடை பார்க்கும் மெஷின் போலிருக்கிறது என்று நினைத்து, தாள்களை ஓரமாக வைத்துவிட்டு ஏறி நின்றாள்.

பலகையின் ஓரம் நீல நிறத்தில் எரிந்தது. 'டிங்' என்றது.

"ஐயோ பாப்பா! இறங்கு, இறங்கு!" என்று ஓடி வந்தார் சூரியபிரகாஷ். "அதுவும் மெஷின்தான்!"

"இதுவா? எடை பார்க்கறதில்லியா?"

"இல்ல பாப்பா. இதுவும் ஸ்மார்ட் ஜிம்தான். உள்ள ரெண்டு மோட்டார் இருக்குது. ரெண்டு பக்கமும் கயிறு வரும். கம்பியை மாட்டித் தூக்கணும். பார்க்க ஒண்ணும் இல்லன்னு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க."

"கயிறு எங்கேர்ந்து வரும்?"

"எங்கேர்ந்துன்னா? பலகையிலேர்ந்துதான். தரையிலேர்ந்து."

ஜாஸ்மின் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஏற்கெனவே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"அப்பா, பில்லு போடறதுக்கு முன்னாடி அக்கா இதுல ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும்பா" என்றாள் ஜாஸ்மின்.

டேனியல் குனிந்து பலகையைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். "இதுல எங்க உட்கார்றது?"

"உட்கார வேணாம்பா. நிக்கணும்."

"உட்கார இடமே இல்லாத ஒரு மெஷினா?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம். அழுத்திப் பார்க்கவும், மடித்துப் பார்க்கவும், முகர்ந்து பார்க்கவும் அதில் எதுவுமே இல்லை. "ரப்பர்" என்று முணுமுணுத்தார்.

ஜாஸ்மினுக்கு ஒன்று புரிந்தது. 'அந்த மெஷின் வேணாம்பா' என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் அப்பா கூனிக் குறுகிப் போவார். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, உங்க மேஜைக்குத் தோல் வந்ததும் முதல்ல இன்னா கேப்பீங்க?"

"இன்னா கேப்பேன்? இது எதுக்குப் போவுதுன்னு கேப்பேன். ஷூவுக்கா, கையுறைக்கா, பைக்கான்னு."

"நல்ல தோல்னா எல்லாத்துக்கும் போட்டுக்கலாமே?"

"அதெப்படி!" டேனியலுக்குக் கோபமே வந்துவிட்டது. "எவ்ளோ உசந்த தோலா இருந்தாலும் இடம் மாறிப் போனா வீண்தான். கையுறைத் தோலுல ஷூ தெச்சா ஒரு மழைக்குத் தாங்குமா? எதுக்குன்னு தெரியாம நான் ஒரு தோலைக்கூடத் தொட மாட்டேன்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ உறைத்தது. சிங்காசனத்தைப் பார்த்தார். கிறிஸ்டினாவைப் பார்த்தார்.

"மெஷின் எதுக்குப்பா?" என்றாள் ஜாஸ்மின், இன்னும் மெதுவாக. "அக்கா தரையிலேர்ந்து தூக்கறதுக்கு. அந்தச் சிங்காசனத்துல தரை எங்க இருக்குது?"

டேனியல் சிங்காசனத்தின் அருகே போய், கயிற்றைக் கடைசி வரை கீழே இறக்கினார். அது நின்ற இடத்தில் கையை வைத்தார். அந்தக் கையை அப்படியே நகர்த்திக் கொண்டுவந்து கிறிஸ்டினாவின் முழங்கால் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்துதேப்பா" என்றாள் கிறிஸ்டினா.

"எனக்கா போட்டி? நான் போய் மேடையில மூச்சு வாங்கிட்டு நிக்கப் போறேனா?" என்றவர் திரும்பினார். "தம்பி, இதை ஆன் பண்ணுப்பா. என் பொண்ணு தூக்கட்டும்."

கிறிஸ்டினா பலகைமேல் ஏறி நின்றாள். கால்களை அகட்டி வைத்தாள். குனிந்து கம்பியைப் பிடித்தாள். சூரியபிரகாஷ் குறைந்த எடையில் தொடங்கி, அவள் தலையாட்டத் தலையாட்ட ஏற்றிக்கொண்டே போனார்.

ஒரு கட்டத்தில் கம்பி கிளம்பியது, ஏறியது, முழங்காலுக்கு வந்ததும் நின்றது. கிறிஸ்டினா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

ஜாஸ்மின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

'டிங்' என்றது பலகை. கம்பி லேசாகி மேலே வந்தது.

"நீ திணறும்போது அதுவாவே வெயிட்டைக் கம்மி பண்ணிக்கும்" என்றார் சூரியபிரகாஷ். "கீழ போட்டுக் காலை உடைச்சிக்க வேணாம். இங்க பாரு, இது உன் வலது பக்கம், இது இடது பக்கம்." சின்ன ஸ்க்ரீனில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று உயர்ந்து, ஒன்று தாழ்ந்து. "முழங்கால்கிட்ட வரும்போது இடது பக்கம் பின்தங்குது. அங்கதான் நிக்கிற."

"சங்கீதா மேடமும் நான் சாயறேன்னு சொன்னாங்க!" கிறிஸ்டினாவின் முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம்னுதான் எனக்குத் தெரியல. இன்னொரு தடவை தூக்கட்டுமா?"

அவள் விரல் பின்னல் பக்கமே போகவில்லை.

"எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார் டேனியல்.

"சூப்பரா இருக்குதுப்பா!"

டேனியல் போனை எடுத்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு அழுத்தினார். "பாய், மன்னிச்சுக்கோங்க, மெஷினை மாத்திட்டேன். இல்ல பாய், இதுல சீட்டு நல்லா இல்லன்னு இல்ல. சீட்டே இல்ல."

மறுமுனையில் பாய் சிரிப்பது எல்லோருக்கும் கேட்டது. "செலக்‌ஷன் டேனியல் எடுத்தா சரியாத்தான் இருக்கும்!"

"நான் எடுக்கல பாய். சின்னது எடுத்துது."

கிளம்பும்போது அம்மா சிங்காசனத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "மெதுவா செய்யுன்னு சொன்ன ஒரே சூப்பர்வைசரு" என்றாள் ஏக்கத்தோடு.

*

பலகை வீட்டுக்கு வந்தது. பயிற்சி முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்பதால் கூடம் கூடமாகவே இருந்தது. அம்மா வேலைக்குப் போகுமுன், கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும் வரை, அவளும் அதன்மேல் நின்று கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். அதுவும் அவளை மெதுவாகத்தான் செய்யச் சொன்னது. அம்மாவுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

வாரக்கணக்கில் கிறிஸ்டினா தினமும் தூக்கினாள். ஒரே ஒரு குறைதான். கம்பியில் இருந்த ரப்பர் பிடி, வியர்த்தால் வழுக்கியது. கிறிஸ்டினாவின் உள்ளங்கை சிவந்துபோனது.

அதைப் பார்த்த மறுநாள், பாயிடம் கேட்டு வாங்கிய துண்டுத் தோல்களோடு டேனியல் வீட்டுக்கு வந்தார். தரையில் வரிசையாகப் பரப்பினார்.

"இது எதுக்குப் போவுது?" என்று கேட்டாள் ஜாஸ்மின், அப்பாவின் குரலிலேயே.

"என் பொண்ணு கைக்கு" என்றார் டேனியல்.

அழுத்தினார், மடித்தார். இந்த முறை கிறிஸ்டினாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முகர்ந்து பார்த்தாள். கடைசியில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார். அம்மா அதைக் கம்பியில் சுற்றி, விலகாமல் தைத்துக் கொடுத்தாள்.

கிறிஸ்டினா பலகைமேல் நின்றாள். போட்டியில் நின்றுபோன அதே எடையை வைத்தாள். இடது பக்கம் கவனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோல் சுற்றிய கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

கம்பி தரையை விட்டுக் கிளம்பியது. முழங்காலுக்கு வந்தது. நடுங்கியது.

"அக்கா!" என்று கத்தினாள் ஜாஸ்மின்.

கம்பி முழங்காலைத் தாண்டியது.

பலகை 'டிங்' என்று ஒலிக்கவில்லை. எடையைக் குறைக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக, "வெரி குட்!" என்றது.

டேனியல் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கேட்டியா ஜாஸு? தோலைத்தான் சொல்லுது!"